செகாக் சோதனைக்கு முன் எட்டு வாரம்: தோட்டப்புறப் பிள்ளைகளின் எடையும் உடல்வலுவும்

மலேசியாவில் நான்காம் ஆண்டிலிருந்து ஐந்தாம் படிவம் வரை, ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளியில் செகாக் (SEGAK) என்ற தேசிய உடல்தகுதிச் சோதனை நடக்கிறது. உயரமும் எடையும் எடுத்து உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிடுவார்கள். அதன்பின் நான்கு பயிற்சிகள்: மூன்று நிமிடம் பெஞ்சில் ஏறி இறங்குவது, ஒரு நிமிடம் தண்டால், ஒரு நிமிடம் படுத்தபடி தோளைத் தூக்கி எழும்புவது, கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் எட்டித் தொடுவது. பெற்றோர் பலரும் முதலில் எடையைத்தான் கேட்கிறார்கள். அந்த ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் இரண்டு விதப் பிள்ளைகளுக்கும் கேடு: கனத்த பிள்ளையைப் பட்டினி போடுவோம், ஒல்லிப் பிள்ளையை நலமாக இருப்பதாக நினைத்து விட்டுவிடுவோம்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் ஒரே வகுப்பில் இரண்டு பேரையும் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், 5 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 29.8 சதவீதம் பேர் எடை மிகுதியாகவோ உடல் பருமனாகவோ இருந்தார்கள். இன்னொரு பக்கம், அதே லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) விலா எலும்பு தெரிகிற பிள்ளையும் இருக்கிறது. பெஞ்சில் ஏற வைத்தால் இரண்டாவது நிமிடத்தில் இருவருக்குமே மூச்சு வாங்குகிறது. தெற்காசிய வம்சாவளியினருக்கு ஒரே குறியீட்டு எண்ணில் மற்றவர்களைவிடக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. ஆகவே நம் பிள்ளை ஒல்லி என்பதை மட்டும் வைத்து உடல்வலு உண்டு என்று சொல்லிவிட முடியாது. இருவருக்கும் முதல் மருந்து ஓட்டமும் ஆட்டமும்தான். சாப்பாட்டில்தான் வழி பிரியும்.

ஒழுங்காக அளப்பது

வீட்டிலோ பள்ளியிலோ, தப்பு பெரும்பாலும் உயரத்தில்தான் நடக்கிறது. அடியில் பலகைப் பட்டி இல்லாத நேரான சுவரைத் தேர்ந்தெடுங்கள். அளவு நாடாவைத் தரையிலிருந்து சுவரில் ஒட்டுங்கள். நாடாவின் சுழியம் தரையைத் தொட வேண்டும். காலணி, காலுறை இரண்டையும் கழற்றிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு உச்சிக் கொண்டையும் கிளிப்பும் இருந்தால் அவிழ்த்துவிட வேண்டும். குதிகால், பின்புறம், தோள்பட்டை, பின்தலை நான்கும் சுவரைத் தொடட்டும். கனத்த பிள்ளைக்கு நான்கும் சேர்ந்து தொடாது. குதிகாலும் பின்புறமும் தொட்டால் போதும். முகம் நேராக இருக்க வேண்டும்: கண்ணின் கீழ்விளிம்பும் காதுத் துளையும் தரைக்கு இணையாக ஒரே கோட்டில். மோவாயைத் தூக்கினால் அளவு மாறிவிடும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் ஓரத்தைச் சுவரோடு ஒட்டி, தலைமுடி அழுந்தும்வரை இறக்கி, புத்தகத்தின் அடிவிளிம்பைப் படியுங்கள். இரண்டு தடவை அளந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவையும் அளக்க வேண்டும். முதுகெலும்பு பகலில் சற்று அழுந்துவதால் மாலையில் உயரம் கொஞ்சம் குறையும். எப்போதும் ஒரே வேளையில் அளப்பது நல்லது.

தராசைச் சிமெண்டுத் தரையில் வையுங்கள். பாய், கம்பளம், பலகை எதன் மேலும் வைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையை வைத்துப் பாருங்கள். பிள்ளையின் சட்டைப்பையில் கிடக்கும் காசு, தண்ணீர் போத்தல், இடைவார் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

உயரத்தில் ஏன் இவ்வளவு கவனம்? எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம். அதனால் உயரத்தில் வரும் தவறு இரட்டிப்பாகிறது. 10 வயதுப் பையன் ஒருவன் 32.5 கிலோ, உண்மை உயரம் 1.32 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.32ஐ 1.32ஆல் பெருக்கினால் 1.7424, 32.5ஐ அதால் வகுத்தால் 18.7. காலணியோடு நிறுத்தி 1.34 என்று எழுதினால் 18.1 வரும். அந்த வயதுப் பையன்களுக்கு எடை மிகுதியின் எல்லைக்கோடு 18.5. இரண்டு சென்டிமீட்டர் தவறினால் பிள்ளை ஒரு எடைப் பிரிவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடுகிறான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடையைப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது சத்தமாகச் சொல்லி இன்னொருவரை எழுதச் சொல்லாதீர்கள். தராசை ஒரு தடுப்புக்குப் பின்னால் வைத்து, எண்ணை நீங்களே பார்த்து எழுதுங்கள். "குண்டு", "எலும்பன்" என்று அன்று விழும் பெயர் ஆறாம் ஆண்டுவரை போகாது. அந்தப் பிள்ளை அதன்பிறகு திடலுக்கே வர மறுக்கும்; நாம் செய்ய நினைத்த காரியமே கெட்டுப்போகும்.

எண் என்ன சொல்கிறது

பெரியவர்களின் அட்டவணையைப் பிள்ளைகளுக்கு வைக்கவே கூடாது. கிளினிக் சுவரில் 18.5க்குக் கீழே எடைக்குறைவு என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, குறியீடு 16.5 உள்ள 10 வயதுப் பிள்ளைக்குப் பாட்டி இரண்டு தட்டுச் சோறு கூடுதலாக ஊட்டுவார். அந்த வயதில் 16.5 நடுவான, நல்ல எண். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி, 10 வயதுப் பையனுக்கு 13.7க்குக் கீழே மெலிவு, 18.5க்கு மேல் எடை மிகுதி, 21.4க்கு மேல் உடல் பருமன். அதே வயதுப் பெண்ணுக்கு அந்த மூன்று எண்களும் 13.5, 19.0, 22.6. 12 வயதில் பையனுக்கு 14.5, 19.9, 23.6, பெண்ணுக்கு 14.4, 20.8, 25.0. ஒவ்வொரு மாதத்துக்கும் எல்லை நகர்ந்துகொண்டே போகும். ஆதலால் வயதை ஆண்டும் மாதமுமாகக் கணக்கிட்டு அட்டவணையில் பாருங்கள்.

எல்லையைத் தாண்டிய பிள்ளையின் எடையைக் குறைக்க ஓடாதீர்கள். பருவ வளர்ச்சிக்கு முன்பு பிள்ளைகள் ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். 10 வயதில் 1.32 மீட்டர், 34 கிலோ உள்ள பையனின் குறியீடு 19.5. ஓராண்டுக்கு எடை அப்படியே நின்று, உயரம் 1.37 ஆனால் குறியீடு 18.1. 11 வயதுக்கு எல்லை 19.2. ஒரு கிலோகூடக் குறையாமலேயே பையன் எல்லைக்குள் வந்துவிட்டான். எடை ஏறாமல் பிடித்து வைப்பதே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதுமான இலக்கு. பட்டினி போட்டால் உயரமும் தடைபடும், தசையும் கரையும். மிகக் கடுமையான பருமன் என்றால் மருத்துவர் பார்வையில் மட்டுமே குறைக்க வேண்டும். வயதுக்கு வரும் தறுவாயில் பெண் பிள்ளைகளுக்குச் சதை போடுவது இயற்கை. அதைக் கண்டு அரிசியை நிறுத்துகிற அம்மாக்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

பிள்ளையின் கழுத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் இருக்கிறதா? அழுக்கு என்று எண்ணிப் பீர்க்கங்கூடால் தேய்த்துத் தோல் சிவக்க வைப்பார்கள்; கறுப்பு போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாகவே அது பெரும்பாலும் வரும். குடும்பத்தில் இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் சந்தேகமே வேண்டாம்: அரசாங்க சுகாதார கிளினிக்கில் இரத்தச் சீனிப் பரிசோதனை கேளுங்கள். தேய்ப்பதை நிறுத்துங்கள். எடை சீரானால் கறுப்பு மெல்ல மங்கும்.

ஒல்லிப் பிள்ளைக்கும் கிளினிக்கில் கேட்க வேண்டியவை உண்டு. கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருந்தால் இரத்தச்சோகையா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு தோட்டத்தில் திரியும் பிள்ளைக்குக் குடற்புழு மருந்தைப் பற்றிக் கேளுங்கள். சொத்தைப் பல் வலித்தாலும் பிள்ளை சாப்பிடாது, வாயைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

எட்டு வாரப் பயிற்சி

உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட நடமாட்டம் வேண்டும் என்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது மூச்சு வாங்கும் அளவுக்கும், தசைக்கும் எலும்புக்கும் வலுச் சேர்க்கும் விதத்திலும் இருக்க வேண்டும். உடற்கல்விப் பாடம் மட்டும் இதற்குப் போதாது. முன்பு தோட்டத்திலிருந்து பள்ளிக்கு நடந்தார்கள். இன்று வேனிலும் மோட்டாரிலும் போகிறார்கள், மதியம் வந்ததும் டியூஷன், இரவில் கைப்பேசி. அந்த 60 நிமிடத்தை நாம் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கபடி, கயிறு தாண்டுதல், ரப்பர் வளையங்களைக் கோத்துத் தாண்டும் ஆட்டம், தக்ராவ், சிலம்பம் எதுவும் நல்லதே. பிள்ளை பேச முடிந்து பாட முடியாவிட்டால் நடுத்தர வேகம். இரண்டு சொல்லுக்கு மேல் பேச மூச்சு விடாவிட்டால் கடுமையான வேகம். கால்பந்தில் மட்டும் ஒரு குறை: கனத்த பிள்ளையைக் கோல்கம்பத்தில் நிறுத்திவிடுவார்கள், அவன் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருப்பான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள்.

இதோடு வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 25 நிமிடப் பயிற்சி. முதல் ஐந்து நிமிடம் மெல்ல ஓட்டம், கைச்சுழற்சி.

பெஞ்சில் ஏறி இறங்குவதுதான் பிள்ளைகளை அதிகம் வாட்டுவது. சோதனையில் பெஞ்சு 30 சென்டிமீட்டர் உயரம், நிமிடத்துக்கு 96 தட்டு (சீராக விழும் தட்டொலி). ஒரு தட்டுக்கு ஓர் அடி: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நான்கு தட்டுக்கு ஒரு சுற்று. ஆக நிமிடத்துக்கு 24 சுற்று, மூன்று நிமிடத்தில் 72. இந்தத் தட்டொலியைச் சீராகத் தரும் மெட்ரோநோம் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் வீட்டு வாசல்படியிலேயே, 80 தட்டு வேகத்தில், ஒரு நிமிடம் ஏறி ஒரு நிமிடம் ஓய்வு, நான்கு முறை. மூன்றாம், நான்காம் வாரம் 30 சென்டிமீட்டர் உயரத்தில் 88 தட்டு, அதே நான்கு முறை. ஐந்தாம், ஆறாம் வாரம் 96 தட்டில் ஒன்றரை நிமிடம், மூன்று முறை. ஏழாம் வாரம் இரண்டு நிமிடம், ஓய்வு, மீண்டும் ஒரு நிமிடம். எட்டாம் வாரம்தான் முழு மூன்று நிமிடம், அதுவும் வாரத்தில் இரண்டே நாள். பிளாஸ்டிக் நாற்காலியும் முக்காலியும் வேண்டவே வேண்டாம்; சிமெண்டுப் படியோ அசையாத மரப் பெஞ்சோ வேண்டும்.

எங்கே தவறும்? மேலே ஏறியதும் முழங்காலை நேராக்காமல் பாதி வளைத்தபடி இறங்குவார்கள்; தொடை சீக்கிரம் எரியும். முன்விரலை மட்டும் பெஞ்சில் வைப்பார்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பாதம் முழுதும் பெஞ்சின் மேல் இருக்க வேண்டும். எல்லாரும் செய்வது ஒன்று: ஆரம்பத்தில் தட்டை முந்திக்கொண்டு ஓடுவது. ஒவ்வொரு நிமிடமும் தொடங்கும் காலை மாற்றினால் ஒரே கால் களைக்காது.

இந்தப் பயிற்சிக்கு மதிப்பெண், நின்றபின் எண்ணும் நாடித்துடிப்பை வைத்து. துடிப்பு குறைவாக இருந்தால் மதிப்பெண் கூடும். மூன்று நிமிடம் முழுதாக ஏறியும் பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண் வருவது இதனால்தான். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வைத்து எண்ணப் பழக்குங்கள். கட்டைவிரலால் பிடித்தால் அதன் துடிப்பே குழப்பும். எண்ணும்போது பேசவோ சிரிக்கவோ கூடாது. வாரம் ஒருமுறை பயிற்சி முடிந்ததும் எண்ணி எழுதி வையுங்கள். எடை அசையாத வாரங்களிலும் இந்த எண் இறங்கும். அதைக் கண்ணால் பார்த்த பிள்ளை பயிற்சியை விடாது.

தண்டாலை நேரே தரையில் தொடங்கினால் பிள்ளை இரண்டோடு விட்டுவிடும். சுவரில் கை ஊன்றித் தொடங்குங்கள்: பன்னிரண்டு வீதம் மூன்று முறை. அது எளிதானதும் பெஞ்சின் விளிம்பில், பிறகு தரையில் முழங்கால் ஊன்றி, அதன்பிறகு முழுத் தண்டால். முழுதாக எழ முடியாத பையன் மேலிருந்து நான்கு வினாடி எடுத்து மெல்ல இறங்கட்டும், முழங்கால் ஊன்றி எழட்டும். உடலை மெல்ல இறக்கும்போதுதான் வலு வேகமாகக் கூடும். சோதனையில் பெண் பிள்ளைகள் முழங்கால் ஊன்றியே செய்வார்கள். இடுப்பு தொய்வதுதான் இதில் பெரிய குறை. வயிற்றை உள்ளிழுத்து, தலையிலிருந்து முழங்கால்வரை ஒரே கோடாக வைத்து, முழங்கை செங்கோணம் ஆகும்வரை இறங்க வேண்டும்.

படுத்து எழும்பும் பயிற்சியில் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக் கழுத்தை இழுக்க விடாதீர்கள். முழங்காலை மடக்கி, கைகளைத் தொடை மேல் வைத்து, விரல்நுனி முழங்காலைத் தொடும்வரை தோளைத் தூக்கினால் போதும். இடுப்பு தரையை விட்டு எழக் கூடாது. பத்தில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு மூன்று கூட்டுங்கள்.

எட்டித் தொடுவதற்குப் பயிற்சியின் கடைசியில், உடல் சூடாக இருக்கும்போது, ஒவ்வொரு காலாக நீட்டி 30 வினாடி வீதம் மூன்று முறை. உந்தி உந்திக் குனிந்தால் தொடையின் பின்தசை இன்னும் இறுகும். மளமளவென்று வளரும் வயதில் எலும்பு முந்தி, தசை பிந்தும்; அப்போது எட்டும் தூரம் குறைந்தால் கவலைப்பட வேண்டாம்.

தண்ணீர்க் குவளையிலிருந்து தொடங்குங்கள்

சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் குடிப்பதைப் பாருங்கள். பலன் மிக விரைவாகக் கிடைப்பது அங்கேதான். டப்பாவிலிருந்து எடுக்கும் கெட்டிப்பாலில் ஏறத்தாழ பாதி சீனி. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிய ஒரு குவளைத் தேத்தண்ணியில் ஐந்து தேக்கரண்டி சீனி இருக்கிறது. காலையில் ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் சிரப் தண்ணி, மாலையில் இன்னொரு தேத்தண்ணி என்றால் பதினைந்து ஆகிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் பத்துத் தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கடையில் விற்கும் டப்பாக்கள் பலவற்றில் "கிரிமர்" என்று போட்டிருக்கும். பாலும் சீனியும் செம்பனை எண்ணெயும் கலந்தது அது. பால் குடிக்கிறான் என்று நம்பி ஒல்லிப் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் வயிறு நிறையும், சதை பிடிக்காது.

ஒரேயடியாக நிறுத்தினால் வீட்டில் அழுகைதான். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். பள்ளிக்கு வெறுந்தண்ணீர் போத்தல் போகட்டும்.

தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு. சுகாதார அமைச்சு சொல்லும் இந்தக் கணக்கு நம் வீட்டுச் சமையலுக்கு நன்றாகவே பொருந்தும். வேலியோரத்து முருங்கைக்கீரை, கங்கோங், நெத்திலி, தெம்பே, சுண்டல் எதுவும் விலை கூடியதல்ல. கனத்த பிள்ளைக்குத் தனிச்சமையல் வைக்காதீர்கள். எல்லாருக்கும் ஒரே சட்டி. அவனுக்கு இரண்டாவது முறை சோற்றுக்குப் பதிலாகக் காய். முதல் தட்டு முடிந்து பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் பல நாள் வேண்டாம் என்பான். ஒல்லிப் பிள்ளைக்கு அதே சட்டியிலிருந்து ஒரு முட்டை கூடுதல், மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, படுக்குமுன் பசும்பால். சாப்பாட்டுக்கு முன் மைலோ கொடுத்தால் பசி செத்துவிடும். தகுதி உள்ள பிள்ளைக்குப் பள்ளியின் கூடுதல் உணவுத் திட்டத்தில் காலைச் சாப்பாடு கிடைக்கும். பெயர் விடுபட்டிருந்தால் ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

காலையில் வெறும் வயிற்றோடு வேன் ஏறும் பிள்ளைதான் ஓய்வு வேளையில் கெரோப்போக்கும் நகெட்டும் வாங்குகிறது. இரண்டு இட்லி, இல்லாவிட்டால் ஒரு முட்டையும் ரொட்டியும் போதும். ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்குள் படுக்க வேண்டும்; 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது தேவை. தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்பின் மேல்.

ஊரும் வானிலையும்

மாலை ஐந்தரையிலிருந்து ஏழுவரை விளையாட நல்ல நேரம். இடி கேட்டால் உடனே திடலை விட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். மரத்தடியும் வெற்றுக் கொட்டகையும் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்பலாம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளி விளையாட்டு வேண்டாம். வீட்டுக்குள் தண்டாலும் படியேற்றமும் செய்யலாம். செம்பனை வரிசைகளுக்குள் ஓட விடாதீர்கள்: பாம்பு ஒருபுறம், பழக்குலை ஏற்றும் லாரி மறுபுறம்.

சில அறிகுறிகளில் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம். ஓடி முடித்தபின் விசில் போன்ற மூச்சு, இரவில் இருமல். இது ஆஸ்துமாவாக இருக்கலாம், மருத்துவர் தரும் மருந்தை எடுத்துக்கொண்டு பிறகு விளையாடலாம். பலத்த குறட்டையும் வகுப்பில் தூக்கமும். கனத்த பிள்ளை, 10 வயதுக்கு மேல், தொடையிலோ முழங்காலிலோ வலி என்று நொண்டினால் அன்றே காட்டுங்கள். இடுப்பு மூட்டில் எலும்பின் தலை நழுவினால் முழங்காலில்தான் வலி தெரியும். சோம்பலால் நொண்டுகிறான் என்று எண்ணி ஓட வைத்தால் மூட்டே கெட்டுப்போகும்.

சோதனை நாள்

முந்தின இரண்டு நாள் கடும் பயிற்சி வேண்டாம், தசை வலியோடு தண்டால் எடுக்க முடியாது. சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பு இலேசான சாப்பாடு. நாசி லெமாக்கைச் சோதனை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். காலணிக் கயிறு இறுக்கமாக இருக்கட்டும், அது தளர்ந்தால் பெஞ்சில் தடுக்கி விழுவார்கள். இருதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மருத்துவர் கடிதத்தை ஒரு வாரம் முன்பே ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். இழுப்பு மருந்து பிள்ளையின் பையிலேயே இருக்க வேண்டும்.

மதிப்பெண் வந்ததும் நான்கில் எது குறைவு என்று பாருங்கள். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு அந்த ஒன்றிலிருந்து அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். உயரத்தையும் எடையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே சுவரில், அதே தராசில், அதே வேளையில் எடுத்து, தேதியோடு பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.